சூய்கா: சில்லறைத் தொல்லைக்கு ஒரு பச்சை அட்டை

வெளிநாட்டுப் பயணத்தில் விமானமும் விடுதியும் அநேகமாகச் சொதப்புவதில்லை. மாதக்கணக்கில் யோசித்து ஏற்பாடு செய்தவை அவை. சொதப்புவதெல்லாம் பேருந்து வாசலில்தான். ஜப்பானியப் பேருந்துகளில் ஓட்டுநர் பக்கத்திலேயே சில்லறை மாற்றும் இயந்திரம் இருக்கும். ஆயிரம் யென் தாளைக் கொடுத்தால் காசு கொட்டும். பத்தாயிரம் யென் தாளைப் பெரும்பாலும் சீண்டாது. பின்னால் நிற்பவர்கள் திட்டமாட்டார்கள், பேசாமல் காத்திருப்பார்கள். அதுதான் கூடுதல் சங்கடம். காசு இருந்தாலும் பாடுதான்: ஆறு வகை நாணயங்களில் 5 யென் நாணயத்தில் எண்ணே கிடையாது, மதிப்பு கான்ஜி எனும் ஜப்பானிய எழுத்தில் மட்டும் இருக்கும்.

இந்த இடத்தில்தான் சூய்கா அட்டை தன் விலையைச் சம்பாதிக்கிறது. 2001 நவம்பரில் ஜே.ஆர். ஈஸ்ட் ரயில் நிறுவனம் கொண்டுவந்த, பெங்குயின் படம் போட்ட பச்சை அட்டை. சோனியின் ஃபெலிக்கா சிப்தான் உள்ளே. பணம் எங்கோ ஒரு வங்கிக் கணக்கில் இல்லை, அட்டையிலேயே பதிவாகி இருக்கிறது. ஆகவே நெட் வேண்டாம், பேட்டரி வேண்டாம், ஓடிபி வேண்டாம். நம் ஊரில் யூபிஐ ‘பெண்டிங்’ என்று சுற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் இங்கே ஒரு கூட்டமே வாயிலைக் கடந்துவிடும். அட்டையை வைக்கும் தட்டையும் கவனித்துப் பாருங்கள். அது நம்மை நோக்கி 13.5 டிகிரி சாய்ந்து, ஒளிர்ந்தபடி இருக்கும். தொடக்கச் சோதனைகளில் அட்டையை எங்கே, எப்படிக் காட்டுவது என்று தெரியாமல் பலர் திணறியதைப் பார்த்து, வடிவமைப்பாளர் யமனாக்கா ஷுன்ஜி கண்ட தீர்வு அது. முதல்முறை வருகிறவரின் கையும் தானாகவே அங்கே போய் ஒரு கணம் நிற்கிறது. ரயில், பேருந்து, தானியங்கி பான இயந்திரம், பெட்டி வைக்கும் லாக்கர், மூலைக்கு மூலை இருக்கும் கன்வீனியன்ஸ் கடை என எல்லாவற்றுக்கும் இந்த ஒரே அசைவு போதும். இருப்பு போதாவிட்டால் வாயில் மூடிக்கொள்ளும். பக்கத்திலேயே உள்ள கட்டணச் சரிக்கட்டு இயந்திரத்தில் பணம் போட்டுவிட்டு வெளியே வரலாம். அபராதமும் இல்லை, விசாரணையும் இல்லை.

ஆனால் பணத்தையும் பயணத்தையும் அட்டையே நினைவில் வைத்திருப்பதால் வரும் வம்பும் உண்டு. கிராமத்து நிலையங்களில் வாயிலே இருக்காது. ஒரு கம்பத்தில் சின்னக் கருவி மட்டும் நிற்கும். இறங்கும்போது அதில் அட்டையைக் காட்ட மறந்தால், அட்டையின் கணக்கில் நீங்கள் இன்னும் ரயிலுக்குள்தான் இருக்கிறீர்கள். அடுத்த வாயில் திறக்காது, நிலைய அலுவலர்தான் சரிசெய்ய வேண்டும். எல்லைத் தகராறு இதைவிடப் பெரியது. 2013 மார்ச்சில் நாட்டின் 10 பெரிய பயண அட்டைகள் ஒன்றின் வட்டாரத்தில் மற்றொன்றும் செல்லும்படி ஆக்கப்பட்டதால், ‘நாடு முழுக்கச் செல்லும்’ என்று பலர் நம்பிவிடுகிறார்கள். செல்லும்தான், ஆனால் ஒரு வட்டாரத்தில் ஏறி இன்னொரு வட்டாரத்தில் இறங்க முடியாது. டோக்கியோவில் அட்டையைக் காட்டி உள்ளே போய், சாதாரண ரயில்களிலேயே ஷிசுவோக்கா வரை போனால் அங்கே கதவு திறக்காது. நீண்ட தூரத்துக்குச் சீட்டு வாங்கிவிடுவதே நல்லது. அட்டையே எடுபடாத இடங்களும் உண்டு: குமாமோட்டோவில் 5 பேருந்து, ரயில் நிறுவனங்கள் கருவிகளைப் புதுப்பிக்கும் செலவு கட்டுப்படியாகாமல் 2024 நவம்பரில் இந்த அட்டைகளையே கைவிட்டன.

‘கிரெடிட் கார்டையே காட்டினால் போச்சு, இன்னொரு அட்டை எதற்கு?’ என்று கேட்கலாம். ஒசாக்கா மெட்ரோவிலும் ஃபுகுவோக்கா சுரங்க ரயிலிலும் அது நடக்கிறது. குமாமோட்டோ நிறுவனங்கள் தாவியதும் அந்தப் பக்கம்தான். வாதம் வலுவானதுதான். ஆனால் ரிசர்வ் வங்கி விதிப்படி இந்தியாவில் புதிதாகக் கொடுக்கும் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடும் டேப் வசதியும் நாமே திறந்துவிடும்வரை மூடியே இருக்கும்; அது ஞாபகம் வருவது பேருந்து வாசலில்தான். குழந்தைகளுக்கான அரைக்கட்டணமும் கிரெடிட் கார்டில் கிடைப்பது அரிது. சிறுவர் சூய்காவில் அது தானே கழியும், வாயிலும் குஞ்சு கத்துவதுபோல் கீச்சிடும். ஆளுக்கொரு அட்டை கட்டாயம் என்பதால் நால்வர் குடும்பத்துக்கு நான்கு வாங்க வேண்டும். இது நியாயமான குறை. போனிலேயே வைத்துக்கொள்ளலாமே என்றால், ஐபோன் 8 முதல் அதற்குத் தடையில்லை. இந்தியாவில் விற்கும் ஆண்ட்ராய்டு போன்களில் இந்த வசதி வேலை செய்யாது. நம்மவர்கள் பெரும்பாலோர் கையில் இருப்பதோ ஆண்ட்ராய்டு. பிளாஸ்டிக் அட்டைதான் கதி.

பணம் உள்ளே முடங்கிவிடாதா என்ற பயம் பாதி சரி. அட்டையில் அதிகபட்சம் 20,000 யென் ஏற்றலாம், ஏற்ற வேண்டியதில்லை. இரண்டாயிரம், மூவாயிரமாகப் போட்டுக்கொண்டே போகலாம். வெளிநாட்டவருக்கான ‘வெல்கம் சூய்கா’வுக்கு முன்பணம் கிடையாது. ஆனால் 28 நாளில் அது செத்துவிடும், மிச்சமும் திரும்பாது. மறுபடியும் போகும் எண்ணம் இருந்தால் சாதாரண அட்டையே மேல். அதற்கு 500 யென் முன்பணம். திருப்பிக் கொடுக்கும்போது மிச்ச இருப்பிலிருந்து 220 யென் பிடித்துக்கொள்வார்கள். இருப்பே இல்லை என்றால் பிடிக்கவும் ஒன்றுமில்லை, முன்பணம் முழுசாக வரும். ஜே.ஆர். ஈஸ்ட் நிலையங்களில் மட்டுமே திருப்பிக் கொடுக்க முடியும். ஒசாக்காவிலிருந்து ஊருக்குக் கிளம்புகிறவர்கள் டோக்கியோவை விட்டுப் புறப்படும் முன்பே, கடைசி யென்களை ஓனிகிரி எனும் சோற்றுருண்டை ஒன்றுக்குச் செலவழித்துவிட்டு அட்டையை நிலையத்தில் நீட்டிவிட வேண்டும்.