சாவு வீட்டுக் கானா

மரணத்தைப் பாட நார்வேயின் பிளாக் மெட்டல் பையன்கள் முகத்தில் வெள்ளை பூசிக்கொள்கிறார்கள். வட சென்னையின் ராயபுரம், காசிமேட்டுப் பக்கம் அந்த ஒப்பனை வேண்டாம். சாவு நிஜமாகவே பந்தலுக்குள் கிடக்கும். மரண கானா பாடுபவர் இறந்தவரின் பெயர், தொழில், பிள்ளைகள் எல்லாம் விசாரித்து, அங்கேயே பாட்டில் கோத்துவிடுவார். டோலக் சூடேற ஏற, அழுதுகொண்டிருந்தவர்கள் நடுவே சிரிக்கவும் செய்வார்கள். விடிய விடியப் பாடிய தொண்டை கரகரக்கும். எனக்குப் பிடித்ததே அந்தக் கரகரப்புதான். ஸ்டுடியோவில் மெருகேற்றினால் அது போய்விடும். 2018 ஜனவரியில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு கானாவையும் ராக்கையும் ஒரே மேடையில் ஏற்றியது. அருமையான காரியம். ஆனாலும் சினிமா கானா, மேடைக் கானா இரண்டையும்விட, சாவு வீட்டுக் கானாவே ஒரு படி மேல்.