ஈற்றுக்கு எத்தனை கிலோ? – கால்நடை உற்பத்திப் பாடநூல்கள் பற்றி ஒரு குறிப்பு

பி.வி.எஸ்சி. சேர்கிற பிள்ளைகளுக்கு ஊசி, மருந்து, அறுவைச் சிகிச்சை எல்லாம் பிறகுதான். முதல் வருஷத்தில் எலும்புகளோடு சேர்ந்து கைக்கு வருவது கால்நடை உற்பத்தி மேலாண்மை. பட்டத்தின் பெயரில் 'அண்ட் ஏ.ஹெச்.' என்று ஒரு வால் ஒட்டியிருக்கிறதே, அது இதுதான், கால்நடை வளர்ப்பு. மாணவர்கள் இதை அவ்வளவாக மதிப்பதில்லை. "மனப்பாடம் பண்ணி எழுதிட்டுப் போயிடலாம்" என்பது விடுதியில் நிலவும் பொதுக்கருத்து. ஆனால் படிப்பு முடித்து ஒரு கிராமத்து மருந்தகத்தில் உட்காரும்போது, எதிரே நிற்கும் மாட்டை என்னவாகப் பார்ப்பது என்ற பழக்கம் இந்தப் பாடத்திலிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். அந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

எங்கள் காலத்தில் புழங்கியவை முக்கியமாக இரண்டு. ஜி.சி. பானர்ஜியின் 'எ டெக்ஸ்ட்புக் ஆஃப் அனிமல் ஹஸ்பண்டரி'. சாஸ்திரியும் தாமஸும் சேர்ந்து எழுதிய 'லைவ்ஸ்டாக் புரொடக்‌ஷன் மேனேஜ்மென்ட்'. இவற்றைக் குறை சொல்வது எளிது, அதனால் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தீவனம், கொட்டகை, கன்று வளர்ப்பு, இனப்பெருக்கம் என்று சிதறிக் கிடந்ததை ஒரே அட்டைக்குள் கொண்டுவந்தவை இவை. நூலகம் சரியில்லாத கல்லூரியில் படித்த ஒருத்தருக்கு அதன் அருமை தெரியும். எனக்குத் தெரியும்.

என் சிக்கல் இனங்களைப் பற்றிய அத்தியாயத்தில் தொடங்குகிறது. இந்த வகைப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் அது ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கும். கறவை இனம், உழைப்பு இனம், இரண்டுக்கும் ஆன இனம் என்று மூன்று பெட்டி. ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு பத்தி. பிறந்த இடம், நிறம், கொம்பின் வளைவு, திமில், தாடை, கடைசியாக ஒரு ஈற்றுக்கு எத்தனை கிலோ பால். காங்கேயம் என்றால் கன்று செவலையாகப் பிறந்து சில மாதங்களில் மயிலையாக மாறும், காளைக்குத் திமிலும் முன்பின் பகுதிகளும் கருக்கும், பால் சில நூறு கிலோ. முடிந்தது. அடுத்தது உம்பளச்சேரி.

இந்தப் பத்திகள் எங்கிருந்து வந்தன என்று பின்னால் தேடிப் போனால் சுவாரசியமாக இருக்கிறது. 1909இல் கன் எழுதிய தென்னிந்திய மாடுகள் பற்றிய நூல், 1936இல் லிட்டில்வுட் எழுதிய 'லைவ்ஸ்டாக் ஆஃப் சதர்ன் இந்தியா', 1938இல் ஆல்வரின் அறிக்கை, 1953இல் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்துக்காக ஜோஷியும் பிலிப்ஸும் தொகுத்த இந்திய, பாகிஸ்தான் மாடுகள் பற்றிய புத்தகம். ஜோஷி–பிலிப்ஸ் நூலில்தான் இனங்களைக் கொம்பும் நெற்றியும் வைத்துத் தொகுதிகளாகப் பிரித்து, காங்கேயத்தையும் பர்கூரையும் ஆலம்பாடியையும் 'நீண்ட கூர்கொம்பு மைசூர் வகை' என்று ஒரே கூடையில் போட்டிருப்பதைப் பார்க்கலாம். இவையெல்லாம் பெரும்பாலும் அரசு கேட்டு எழுதப்பட்டவை. அரசுக்கு வண்டியும் ஏரும் இழுக்க மாடு வேண்டும், எந்த ஊரில் எது கிடைக்கும் என்று தெரிய வேண்டும். ஆனாலும் அந்தப் பழைய ஆட்களுக்கு ஊர் கண்ணில் பட்டது. காங்கேயம் என்றால் பழையகோட்டைப் பட்டக்காரர் மந்தை இல்லாமல் பேச முடியாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பாடநூலுக்கு வரும்போது மாடு வளர்த்த ஆள் போய்விட்டார், மேய்ந்த நிலம் போய்விட்டது, நிறமும் கொம்பும் கிலோவும் மட்டும் தங்கிவிட்டன.

நிலம் போனதுதான் பெரிய இழப்பு. காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கம் கொறங்காடு என்று ஒன்று உண்டு. மழை குறைந்த மேட்டுநிலத்தில், கிளுவை மரத்தை உயிர்வேலியாக நட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலமும் வளரவிட்டு, காட்டைத் துண்டு துண்டாக அடைத்து மாற்றி மாற்றி மேய்ப்பது. கோடையில் புல் காய்ந்துபோனால் வெள்வேலங்காய் விழும், அது தீவனம். தனியார் நிலத்தில் தலைமுறையாக நடக்கும் மேய்ச்சல் மேலாண்மை. காங்கேயம் மாடு என்பது பாதி இந்தக் காடுதான். மாணவன் படிக்கும் பத்தியில் 'கோயம்புத்தூர், ஈரோடு மாவட்டங்கள்' என்று இருக்கும். கொறங்காடு இருக்காது. தீவனப் பயிர் அத்தியாயத்தில் கொழுக்கட்டைப் புல் தனியாக, இலத்தீன் பெயரோடு, எக்டேருக்கு இத்தனை விதை என்று வரும். இரண்டும் ஒரே வேலிக்குள் இருப்பவை என்று யாரும் சொல்வதில்லை.

உம்பளச்சேரி இன்னும் நல்ல உதாரணம். அந்த மாடு சின்னதாக இருப்பதைப் புத்தகம் ஒரு உடல் அளவாகச் சொல்லும். கீழத்தஞ்சையில் சேற்று வயலில் இடுப்பு புதையாமல் உழ வேண்டிய மாடு அது. பெரிய உடம்பு அங்கே பாரம். கன்றிலேயே கொம்பைத் தீய்த்துவிடுவதால் 'மொட்டை மாடு' என்ற பெயரும் அதற்கு உண்டு. கொம்பு வடிவத்தை வைத்து இனம் பிரிக்கும் கல்விக்கு, கொம்பையே எடுத்துவிடும் ஊர் கொஞ்சம் சங்கடம்தான்! டிராக்டரும் நாற்று நடும் இயந்திரமும் வந்தபின் அந்த மாட்டின் கதி என்ன என்பது டெல்டா வேளாண்மையின் கேள்வி. பாடத்தில் அது இனக் கலப்பின் கேள்வியாக மட்டும் வருகிறது.

இப்போது அந்தக் கடைசி எண்ணுக்கு வருவோம். ஈற்றுக்கு எத்தனை கிலோ. பாலை 305 நாளுக்குக் கணக்கிடுவார்கள். ஏன் 305? வருஷத்துக்கு ஒரு கன்று, ஈனுவதற்கு முன் 60 நாள் கறவை வற்றவிட வேண்டும், 365இல் அது போக மீதி 305. கறவைக்கென்றே வளர்க்கப்படும் பண்ணை மாட்டுக்கு இது நியாயமான அளவுகோல். பாதி வருஷத்தில் பால் வற்றி, ஒன்றரை வருஷத்துக்கு ஒருமுறை ஈனும் மேய்ச்சல் மாட்டை இதே கோலால் அளந்தால் அது தோற்றுத்தான் போகும். தோற்றது என்பது கண்டுபிடிப்பு இல்லை. கோலைத் தேர்ந்தெடுத்தபோதே முடிவாகிவிட்ட விஷயம்.

அதைவிட வேடிக்கை புலிக்குளம் மாடு. சிவகங்கை, மதுரை வட்டாரத்தில் மந்தை மந்தையாக ஓட்டிச்சென்று, அறுப்பு முடிந்த வயல்களில் ராத்திரி கிடை போடுவார்கள். அதில் வரும் சாணமும் கோமியமும்தான் வருமானம், நிலத்துக்காரர் கூலி தருவார். காளைக்கன்று மஞ்சுவிரட்டுக்குப் போகும். பால் பெரும்பாலும் கன்றுக்குத்தான். ரொம்ப நாள் இந்த மாடு எந்தப் பாடநூல் பட்டியலிலும் கிடையாது. பிறகு கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபியல் வளப் பணியகம் பதிவு செய்தது, சரி. ஆனால் அட்டவணையில் 'சராசரிப் பால் உற்பத்தி' என்ற கட்டத்தில் இதற்கு என்ன எழுதுவது? உற்பத்தி மேலாண்மை என்று பெயர் வைத்துவிட்டு, உற்பத்தியே சாணமாக இருக்கும் ஒரு முறைக்கு ஒரு கட்டம்கூட இல்லை. ஆட்டுக்கிடையாவது சு. தமிழ்ச்செல்வியின் 'கீதாரி' நாவலில் இருக்கிறது. கிடை என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளக் கால்நடை மாணவன் நாவல் படிக்க வேண்டியிருக்கிறது. படிக்கட்டும், நல்ல நாவல்தான். அது வேறு விஷயம்.

பட்டியலில் வராத மாடுகளுக்கு 'நான்-டிஸ்கிரிப்ட்' என்று பெயர். விவரிக்கப்படாதவை. வகுப்பில் இதை ஒரு இனத்தின் பெயர்போலவே சொல்லிச் சொல்லிப் பழகிவிடுகிறோம். "இது என்ன மாடு?" "என்.டி. சார்." விவரிக்காதது நாம், பழி மாட்டின் மேல். 2019இன் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் மாடுகள் ஏறத்தாழ 19.3 கோடி. அயலினமும் கலப்பினமும் சுமார் 5 கோடி. உள்நாட்டு மாடுகள், பெயர் உள்ளவையும் இல்லாதவையும் சேர்த்து, 14.21 கோடி. இதில் பெயர் இல்லாத பங்குதான் கிராமத்து மருந்தக வாசலில் தினமும் நிற்பது. ஐந்தரை வருஷப் படிப்பில் அதற்குக் கிடைப்பது ஒரு எதிர்மறைச் சொல்.

இதைச் சொன்னால் உடனே ஒரு கூட்டம் கைதட்டும் என்று தெரியும். 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டு மாடு பற்றி வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் நமக்குத் தெரிந்ததுதான். நாட்டு மாட்டுப்பால் சகல நோயும் தீர்க்கும், ஜெர்சி சதி என்ற வகை. நான் அந்தக் கட்சி இல்லை. இரண்டு கலப்பின மாட்டை வைத்து, சொசைட்டிக்குப் பால் ஊற்றி, பிள்ளைகளைப் படிக்கவைத்த பெண்களை எத்தனையோ பேர் பார்த்திருக்கிறோம். அவர்களுக்குப் பானர்ஜி புத்தகம் சொல்லும் தீவனக் கணக்கு வேண்டும், மடிநோய்க்கு மருந்து வேண்டும். சமவெளிக்கு ஜெர்சிக் கலப்பு என்ற அரசுக் கொள்கையையும் முட்டாள்தனம் என்று நான் சொல்லவில்லை. ஒரு முறைக்கான பாடத்தை எல்லா முறைக்குமான பாடம் என்று கற்பிப்பதுதான் என் புகார்.

செய்முறைத் தேர்வில் பண்ணைத் திட்ட அறிக்கை ஒன்று எழுதச் சொல்வார்கள். பத்து மாடு, வங்கிக் கடன், வரவு செலவு. நபார்டு மாதிரித் திட்டங்களின் அச்சு. வரவுப் பக்கம் பால், எரு, அப்புறம் காலித் தீவனச் சாக்கு விற்ற காசு. ஆமாம், சாக்குக்கு ஒரு வரி உண்டு. மேய்ச்சல் நிலத்துக்கு எந்தப் பக்கமும் வரி கிடையாது. மாடு கொட்டகையில் பிறந்து கொட்டகையிலேயே தின்று கறந்து முடிகிறது.

"மக்களைப் பற்றிப் படிக்க விரிவாக்கத் துறை இருக்கிறதே" என்று கேட்கலாம். இருக்கிறது. அங்கே எவரெட் ரோஜர்ஸின் 1962ஆம் வருஷத்து வகைப்பாடு சொல்லித்தருவார்கள். புதியதை முதலில் ஏற்பவர், சீக்கிரம் ஏற்பவர், முன்பெரும்பான்மை, பின்பெரும்பான்மை, கடைசியாகப் பின்தங்கியவர். அயோவா மாநிலத்தில் வீரிய மக்காச்சோள விதையை விவசாயிகள் எப்படி ஏற்றார்கள் என்ற ஆய்வின் தடத்தில் வந்தது. கிடை போடும் கோனாரை இதில் எங்கே வைப்பது? செயற்கைக் கருவூட்டலுக்கு மாட்டைக் கொண்டுவரவில்லை என்பதால் அவர் 'பின்தங்கியவர்'. மாடு ஒரு பாடத்தில் 'என்.டி.', ஆள் இன்னொரு பாடத்தில் 'லாகார்ட்'.

இது வெறும் பாடத்திட்டச் சண்டை இல்லை என்பதற்குப் பர்கூர் போதும். அந்தியூருக்கு மேலே அந்த மலையில் செந்நிறத்தில் வெள்ளைத் திட்டோடு இருக்கும் மாடுகள், காட்டுக்குள் பட்டி போட்டு மேய்த்து வளர்ந்தவை. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டின் எல்லாக் காடுகளிலும் மேய்ச்சலுக்குத் தடை சொன்னது. அதே மாதம் அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று சுருக்கியது. 2024 ஜனவரியில் அந்தியூர்ப் பகுதிக் காடுகள் தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயம் ஆயின. இரண்டையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள், பர்கூர்க்காரர் ஏன் பதறினார் என்று புரியும். 2006ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம், பிரிவு 3(1)(டி), மேய்ச்சலைச் சமுதாய உரிமையாகவே எழுதியிருக்கிறது. நான் புரட்டிய எந்த உற்பத்தி மேலாண்மைப் புத்தகத்திலும் அந்தச் சட்டத்தின் பெயரைப் பார்த்ததில்லை.

காட்டுக்காரர்களுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. மாட்டிலிருந்து காட்டெருமைக்கு நோய் பரவும், மேய்ச்சல் மிஞ்சினால் மானுக்குப் புல் இருக்காது. இதை அளந்து பேசக்கூடிய ஆள் யார்? எத்தனை மாடு, எந்த மாதம், எந்தப் புல், எந்தத் தடுப்பூசி என்று சொல்லத் தகுதியுள்ள ஒரே பட்டதாரி கால்நடை மருத்துவர்தான். பர்கூரிலேயே பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே மந்தை வைத்துப் பராமரிக்கிறார்கள், நல்ல காரியம். உறைவிந்து சேமிப்பதும் நல்ல காரியம்தான். ஆனால் நிறம், கொம்பு, கிலோ என்று இனத்தைக் கற்றவருக்கு, மாட்டைக் காப்பாற்றுவது என்றால் குப்பியில் விந்தைக் காப்பாற்றுவது என்றுதான் தோன்றும். காட்டு அனுமதி அவருடைய பாடமாகத் தெரியாது.

என்ன செய்யலாம் என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் இல்லை. பண்ணைத் திட்ட அறிக்கையோடு ஒரு கிடைக்கும் வரவு செலவு எழுதச் சொல்லலாம், கீதாரியிடம் கேட்டுக்கொண்டு வந்து. இனப் பத்தியில் பால் எண்ணுக்குப் பக்கத்தில் 'எதைத் தின்கிறது, யாருடைய நிலத்தில்' என்று இரண்டு கட்டம் சேர்க்கலாம். புதிய பதிப்புகள் சிலவற்றில் இனங்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது, கட்டங்கள் கூடவில்லை.

ஆலம்பாடி பற்றித் தனியாக எழுத வேண்டும். மைசூர்க் கூடைக்குள் போட்டதால் அதற்கு நேர்ந்தது வேறு கதை.