"தீர்வு என்னம்மா?"

1993-இல் தொடங்கிய தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் எனக்குப் பிடித்தது ஒன்று: 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் சொந்த ஊர்ப் பிரச்சினையைத் தாங்களே ஆராய வேண்டும்.

அதே பாணியில் திருச்சியில் நடந்த வேறொரு பள்ளிப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். ஸ்ரீரங்கத்துப் பொண்ணு ஒருத்தி, மேட்டூர் திறந்தா வீட்டுக் கிணத்துல தண்ணி ஏறுதான்னு வாராவாரம் கயிறு விட்டு அளந்திருந்தாள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் கிடக்கும் தீவுக்கு இதைவிட நல்ல கேள்வி ஏது? நோட்டில் இரண்டு வாரம் காலி. "ஊருக்குப் போயிட்டோம் சார்" என்றாள். இட்டுக்கட்டி நிரப்பவில்லை.

"தீர்வு என்னம்மா?" என்று கேட்டேன். அவளிடம் இல்லை. மதிப்பெண் தாளில் அதற்குத்தான் அதிக இடம். தெர்மாகோல் மாடல் ஜெயித்தது.

நான் பார்த்திருக்க வேண்டியது அந்த நோட்டை. தீர்வையே கேட்டுக்கொண்டிருந்தால் பிள்ளைகள் தீர்வைத் தயாரிப்பார்கள், அளக்க மாட்டார்கள்.