பெட்டியைத் திறக்கும் முன்

பழைய ஆட்டோமேட்டிக் காரின் கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்துப் போடத் தெரிந்த மெக்கானிக்குகள் வேலூர் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். "இதை இறக்க வேண்டாம், கோளாறு இதில் இல்லை" என்று அடித்துச் சொல்லக்கூடியவர்கள் மிகச் சிலர்தான். அந்தச் சிலர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதில் எனக்குத் தீராத ஆசை. நல்ல கச்சேரியில் முன்வரிசை கிடைத்தால்கூட அவ்வளவு ஊன்றிக் கேட்பேனா தெரியாது.

கைக் கியர் வண்டியில் கோளாறு என்றால் அது கைக்கும் காலுக்கும் நேராகத் தெரிந்துவிடும். கியர் விழும்போது கரகரக்கும், கிளட்ச் மிதியில் துடிக்கும். ஆட்டோமேட்டிக்கில் அந்த வழியே இல்லை. எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே நிற்பது எண்ணெய். கியரை விழ வைப்பது எண்ணெயின் அழுத்தம். கிளட்ச் தட்டுகளை அழுத்துவதும் அதுதான், சூட்டை வாரிக்கொண்டு போவதும் அதுதான். அலுமினியப் பெட்டிக்குள் நடப்பது எதையும் கண்ணால் பார்க்க முடியாது. வெளியே தெரிகிற நாலைந்து அடையாளங்களை வைத்து உள்ளே இருப்பதை ஊகித்து, அந்த ஊகங்களை ஒவ்வொன்றாகச் சோதித்துக் கழித்துக்கொண்டே வர வேண்டும். இந்தக் கழித்தலில்தான் கலை இருக்கிறது.

எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்தலாம் என்ற யோசனை காருக்காகப் பிறந்ததில்லை. ஜெர்மனியில் கப்பல் கட்டும் தளமொன்றில் வேலை பார்த்த ஹெர்மன் ஃபோட்டிங்கர், வேகமாகச் சுழலும் டர்பைனின் சக்தியை மெதுவாகச் சுழல வேண்டிய கப்பல் விசிறிக்குக் கொடுக்க வழி தேடி 1905-இல் காப்புரிமை பெற்றது அது. ஜெனரல் மோட்டார்ஸ் 1939-இல் அறிமுகம் செய்து, 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் வந்த ஹைட்ராமேட்டிக்தான் பெரிய அளவில் விற்ற முதல் முழு ஆட்டோமேட்டிக். அதற்கு வெகு முன்பு, மோட்டார் வண்டியின் ஆரம்ப காலக் கார்கள் பலவற்றில் கூம்பு வடிவ கிளட்ச் இருந்தது. அதன் பிடிமானத்துக்கு மேலே போர்த்தியிருந்தது பதனிட்ட தோல். தோல் காய்ந்தால் வண்டி வெடுக்கென்று பிடித்து உதறும், எண்ணெய் ஏறினால் வழுக்கும். தோல் தொழில் நடக்கும் ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் இதைக் கேட்டால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். மோட்டார் வண்டி நகரப் பழகியதில் தோலுக்கும் பங்கு உண்டு.

நம் ஊர் ஷெட்டுகளுக்கு இப்போது வரும் வயதான ஆட்டோமேட்டிக்குகள் பெரும்பாலும் 1990-களின் கடைசியிலும் 2000-களிலும் வாங்கியவை: ஹோண்டா சிட்டி, திருவள்ளூர் ஆலையில் தயாரான மிட்சுபிஷி லான்சர், 2003-இல் வந்த டொயோட்டா கொரோலா. அன்றைக்கு ஆட்டோமேட்டிக் வாங்கியவர்கள் குறைவு, அதனால் அதைக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பும் மெக்கானிக்குகளுக்குக் குறைவாகவே இருந்தது. 2014-இல் மாருதி செலேரியோ ஏஎம்டியோடு வந்த பிறகுதான் 'ஆட்டோ கியர்' என்பது நடுத்தர வீட்டுப் பேச்சானது. ஆனால் ஏஎம்டி வேறு சாதி. அது சாதாரண கியர்பாக்ஸையே இயந்திரக் கை கொண்டு மாற்றுவது. அதன் வைத்தியமும் வேறு. நான் சொல்வது எண்ணெயில் ஓடும் பழைய பெட்டிகளை.

நான் மதிக்கும் மெக்கானிக் ஒருவர் பானட்டைத் திறப்பதற்கு முன்னால் பத்து நிமிடமாவது பேசுவார். "இன்னா சார், காலைல மொத தடவ எடுக்கும்போது மக்கர் பண்ணுதா, ஓடிச் சூடான பிறகா?" இது முதல் கேள்வி. பாதி வழக்கு இதிலேயே பிரிந்துவிடும். காலையில் டி-யில் போட்டு மூன்று நான்கு நொடி வண்டி அசையாமல் நின்று, பிறகு பகல் முழுக்க ஒழுங்காக ஓடினால், எஞ்சினின் சக்தியை எண்ணெய் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரிலிருந்து இராத்திரியில் எண்ணெய் கீழே வடிந்திருக்கலாம், அல்லது உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் வயதாகி விறைத்திருக்கலாம், அல்லது எண்ணெய் மட்டம் குறைந்திருக்கலாம். காலையில் நன்றாக ஓடி, சூடேறிய பின் வழுக்கினால் கதை வேறு: இளகிய எண்ணெயை வைத்துக்கொண்டு பம்ப்பால் போதுமான அழுத்தம் தர முடியவில்லை, எங்கோ கசிகிறது. வேலூர் வெயிலில், மே மாதம் கிரீன் சர்க்கிள் நெரிசலில் ஏசி போட்டு ஊர்ந்து போகும் காரில் இந்த இரண்டாவது வகை சீக்கிரம் வெளிச்சத்துக்கு வரும். அடுத்த கேள்வி எந்த கியரில் என்பது, அதற்கடுத்தது எந்த வேகத்தில் என்பது. உரிமையாளர் "பிக்கப் இல்ல அண்ணே" என்று பொதுவாகச் சொன்னால் அவர் விடமாட்டார். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதா, ஓடிக்கொண்டிருக்கும்போதா என்று பிரித்துப் பிரித்துக் கேட்பார்.

பிறகுதான் எண்ணெய். பெரும்பாலான வண்டிகளில் எஞ்சின் சூடாகி ஓடிக்கொண்டிருக்கும்போதே கேஜ் குச்சியை இழுத்துப் பார்க்க வேண்டும். ஹோண்டாவில் ஓட்டிச் சூடாக்கி, எஞ்சினை அணைத்த ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் மட்டத்தைத் தவறாகப் படித்து, அதிகமாக ஊற்றிவிட்டு, நுரை கட்டி வழுக்க வைத்த வண்டிகள் எத்தனையோ. குச்சி நுனியில் நிற்கும் துளியை அவர் வெள்ளை டிஷ்யூ தாளில் வைப்பார். சிவப்பாகப் பரந்து விரிந்தால் எண்ணெய்க்கு உயிர் இருக்கிறது. நடுவில் கருந்திட்டாக நின்று ஓரத்துக்கு மட்டும் நிறம் ஓடினால் கிளட்ச் தட்டின் தூள் கலந்திருக்கிறது. இளஞ்சிவப்புப் பால் போலக் கலங்கியிருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் எண்ணெய்க் குளிரூட்டி ஓட்டையாகித் தண்ணீர் கலந்துவிட்டது. அந்த வண்டியை அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்ட விடமாட்டார். கடைசியில் துளியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்து, முகர்ந்து பார்ப்பார். ஆம்பூர் தொழிற்சாலைகளில் தோலைத் தரம் பிரிப்பவர் மேசைமேல் விரித்த தோலை உள்ளங்கையால் ஒரு முறை நீவி, கண்ணுக்குத் தெரியாத உண்ணிக் கடித் தழும்பைக்கூடச் சொல்லிவிடுவார். அதே கைதான் இதுவும்.

எண்ணெய் எதையும் காட்டிக் கொடுக்காவிட்டால் கடிகாரத்துக்கும் ஆர்பிஎம் முள்ளுக்கும் வேலை வருகிறது. நியூட்ரலிலிருந்து டி-க்குத் தள்ளிய நொடிக்கும் வண்டி லேசாக முன்னே இழுபடுவதை உணரும் நொடிக்கும் இடைவெளி எவ்வளவு? டொயோட்டா கையேடுகளின் கணக்குப்படி 1.2 நொடிக்குள் இருக்க வேண்டும், ரிவர்ஸுக்கு 1.5 நொடி. முன் கியர் மட்டும் தாமதித்தால் முன் கிளட்ச் பக்கம் சந்தேகம், இரண்டுமே தாமதித்தால் மொத்த அழுத்தத்தின்மேல் சந்தேகம்.

அடுத்தது ஸ்டால் சோதனை. சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக் இழுத்து, இடது காலால் பிரேக்கை இறுக்கி மிதித்து, டி-யில் வைத்து, வலது காலால் முழு ரேஸ் கொடுப்பது. ஐந்து நொடிக்கு மேல் கூடாது. எஞ்சின் சக்தி முழுவதும் எண்ணெயில் சூடாக இறங்கிக்கொண்டிருக்கும். முள் கையேட்டில் சொன்ன எண்ணில் வந்து நின்றால் சரி. அதைத் தாண்டி ஏறினால் உள்ளே ஏதோ வழுக்குகிறது. டி-யில் மட்டும் ஏறி ரிவர்ஸில் ஏறாவிட்டால் எது வழுக்குகிறது என்பதற்கும் விடை கிடைத்துவிடும். எனக்கு மிகவும் பிடித்தது இதன் மறுபக்கம்: முள் எட்ட வேண்டிய எண்ணுக்கு வெகு கீழே நின்றுவிடுவது. கியர்பாக்ஸ்தான் கெட்டது என்று வந்த வண்டியில் எஞ்சினே சோப்ளாங்கியாக இருக்கலாம். அல்லது கன்வெர்ட்டருக்குள் ஸ்டேட்டர் என்ற நடுச் சக்கரத்தை ஒரு பக்கம் மட்டும் சுழல விடும் பூட்டு தேய்ந்திருக்கலாம். அப்படிப்பட்ட வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்ப அழும், ஓட ஆரம்பித்த பின் நெடுஞ்சாலையில் குறை ஒன்றும் இல்லாதது போல ஓடும். முதலில் கேட்ட "கிளம்பும்போதா, ஓடும்போதா" என்ற கேள்வியின் அருமை இங்கேதான் புரிகிறது.

ஷெட்டில் தெரியாதது சாலையில் தெரியும். வேலூரிலிருந்து திருவண்ணாமலை சாலையில் கணியம்பாடி வரை போய், அங்கிருந்து அமிர்திக்குத் திரும்பும் பாதையை இதற்கென்றே யாரோ போட்டுவைத்தது போல இருக்கிறது. வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். 1967-இல் தொடங்கிய அமிர்தி வன உயிரினப் பூங்காவுக்கும், மழைக்காலத்தில் அருவிக்கும் ஊர்க்காரர்கள் போவார்கள். டிரையல் பார்ப்பவர்களுக்கு வேறு காரணம்: முதலில் ஒரே சீரான வேகத்தில் ஓட்டக்கூடிய சமதளம், பிறகு ஜவ்வாது மலையடிவாரத்து ஏற்றம்.

அங்கே நான் பார்த்த ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். இருபது வயதை நெருங்கிய கார். அறுபது, எழுபது கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடி போனால், தகரப் பட்டையிட்ட வேகத்தடைகள் மேல் ஓடுவது போல ஒரு நடுக்கம். வேறொரு ஷெட்டில் கியர்பாக்ஸை முழுதாகப் பிரிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். சமதளத்தில் அந்த வேகத்தைப் பிடித்து, நடுக்கம் தொடங்கியதும், வலது கால் ஆக்சிலரேட்டரிலேயே இருக்க, இடது காலால் பிரேக் மிதியை மயிலிறகு வைத்தது போலத் தொட்டார் அந்த மெக்கானிக். வேகம் குறையவில்லை. ஆனால் பிரேக் விளக்கின் சுவிட்ச் வேலை செய்ததும் கன்வெர்ட்டரின் லாக்-அப் கிளட்ச் விடுபட்டு, முள் இருநூறு முந்நூறு ஏறியது. நடுக்கம் நின்றது.

பெரும்பாலானவர்கள் இங்கேயே தீர்ப்பு எழுதிவிடுவார்கள்: லாக்-அப் நடுங்குகிறது, கன்வெர்ட்டர் போய்விட்டது. அவர் எழுதவில்லை. லாக்-அப் பூட்டியிருக்கும்போது எஞ்சினும் கியர்பாக்ஸும் இரும்போடு இரும்பாகச் சேர்ந்திருக்கும். எஞ்சினில் ஒரு சிலிண்டர் அவ்வப்போது மிஸ் ஃபயர் ஆனாலும் அந்த உதறல் அப்படியே உடம்புக்கு வந்துவிடும். பூட்டு திறந்ததும் நடுவே எண்ணெய் வந்து, உதறல் லேசானதாக இருந்தால் அதை விழுங்கிவிடும். ஆகவே பிரேக்கைத் தொட்டதும் நடுக்கம் நிற்பது இரண்டு கோளாறுக்கும் பொது. பிரித்தறிய ஏற்றம் வேண்டும். அமிர்தி தாண்டி மேடு தொடங்கியதும் கியர் லீவரை 2-இல் இழுத்துவைத்தார். அந்த வண்டியில் அந்த கியரில் லாக்-அப் பூட்டாது. எஞ்சினுக்கு முழுச் சுமை கொடுத்து ஏறினார். நடுக்கம் வந்தது. லாக்-அப் இல்லாமலே வந்தது என்பதால் கன்வெர்ட்டர் விடுதலையானது. கோளாறு எஞ்சின் பக்கம். ஒரு இக்னிஷன் காயில், நாலு ஸ்பார்க் பிளக். கியர்பாக்ஸை யாரும் தொடவே இல்லை. இடது காலின் அந்தத் தொடுதலை விட, அதற்குப் பிறகும் முடிவுக்கு வராமல் மேடு வரும்வரை காத்திருந்த அந்தப் பொறுமையைத்தான் நான் அன்றைக்கு அதிகம் ரசித்தேன்.

இறங்கும்போதும் சோதனை ஓயாது. சரிவில் 2-இல் போட்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சின் வண்டியின் வேகத்தைப் பிடித்து வைக்க வேண்டும். பல பெட்டிகளில் இந்தப் பிடிமானத்துக்கென்றே தனியாக ஒரு பட்டையோ கிளட்சோ உண்டு. ஏற்றத்தில் நன்றாக இழுத்துவிட்டு இறக்கத்தில் மட்டும் சைக்கிள் போல உருண்டால், கெட்டது அந்த ஒன்றுதான்.

ஸ்கேனரை இவர்கள் ஒதுக்குவதில்லை. ஆனால் பி0700 என்று திரையில் வந்தால் அதற்கு அர்த்தம் கியர்பாக்ஸ் கட்டுப்பாட்டில் ஏதோ புகார் இருக்கிறது என்பது மட்டுமே. அந்த எண்ணைக் காட்டியே பெட்டியை மாற்றச் சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். பழைய ஹோண்டாவில் டி4 விளக்கு விட்டுவிட்டு மின்னும். அந்த மின்னலை எண்ணித்தான் கோளாறின் எண்ணைப் படிக்க வேண்டும். எண் கிடைத்த பிறகும் நல்ல மெக்கானிக் முதலில் பார்ப்பது பேட்டரியின் வோல்ட், துருப்பிடித்த எர்த் வயர், தளர்ந்த கனெக்டர், கிழிந்த எஞ்சின் மவுண்டிங். மவுண்டிங் போன வண்டியில் ரிவர்ஸ் போட்டால் விழும் 'டொம்' என்ற இடியைக் கேட்டுப் பலர் கியர்பாக்ஸுக்குச் சாவு எழுதியிருக்கிறார்கள்.

இத்தனைக்கும் பிறகு சந்தேகம் மீந்தால்தான் அடியில் எண்ணெய் சேம்பர் கழலும். உள்ளே ஒட்டியிருக்கும் காந்தத்தில் மை போன்ற சாம்பல் பசை இருந்தால் அது வயதின் இயல்பான தேய்மானம். விரலில் குத்தும் இரும்புச் சீவல் இருந்தால் பேச்சு முடிந்தது. எண்ணெயை மாற்றுவதிலும் இவர்களுக்கு நிதானம் உண்டு. கொரோலா போன்ற வண்டியில் வடித்தால் மூன்று நான்கு லிட்டர்தான் வரும், மீதி கன்வெர்ட்டருக்குள் தங்கிவிடும். இயந்திரம் வைத்து மொத்தத்தையும் பீய்ச்சி எடுக்காமல், வடித்து, ஊற்றி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி வடிப்பார்கள்.

இந்தத் திறமைக்கு யாரும் காசு கொடுப்பதில்லை என்பது என் வருத்தம். அன்றைக்கு அந்த உரிமையாளர் காயிலுக்கும் பிளக்குக்கும் கொடுத்தார், மாட்டியதற்குக் கூலி கொடுத்தார். கேட்டது, முகர்ந்தது, மலையடிவாரம் வரை ஓட்டிப் பார்த்தது எதுவும் பில்லில் இல்லை. பெட்டியை இறக்கிப் பிரித்திருந்தால் பல மடங்கு வாங்கியிருக்கலாம். கண்டுபிடிப்பதற்கென்று தனிக் கட்டணம் எழுதும் பழக்கம் நம் ஷெட்டுகளுக்கு வர வேண்டும், நாமும் முகம் சுளிக்காமல் அதைக் கொடுக்க வேண்டும்.

இனி வரும் வண்டிகளில் பலவற்றுக்குக் கேஜ் குச்சியே கிடையாது. பெட்டி மூடி முத்திரையிட்டது போல வரும். மட்டம் பார்க்க வண்டியைச் சமமாகத் தூக்கி நிறுத்தி, ஸ்கேனரில் எண்ணெயின் சூடு சுமார் 40 டிகிரியில் நிற்கும்போது அடியில் உள்ள பிளக்கைத் திறந்து, வழியும் எண்ணெய் சொட்டாகக் குறையும் இடத்தில் மூட வேண்டும். அவர் இதையும் கற்றுக்கொண்டுவிட்டார். அப்படி வழிந்து விழுவதில் ஒரு துளியை இன்றைக்கும் டிஷ்யூ தாளில் ஏந்தி, விரலில் தேய்த்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் உரிமையாளரிடம் பேச்சைத் தொடங்குகிறார்.