ஆசானை மறுத்த மாணவர்கள்

மேற்கத்திய மெய்யியல் ஏதென்ஸில் பிறந்ததாகவே நம்மில் பலர் படித்து வைத்திருக்கிறோம். சாக்ரடீஸ், பிளேட்டோ, அரிஸ்டாட்டில் ஆகிய மூவரின் புகழ் அப்படி. ஆனால் அந்த மெய்யியல் பிறந்த ஊர் மிலேட்டஸ். இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில், கருங்கடல் முதல் எகிப்து வரை வணிகம் செய்து செழித்த துறைமுக நகரம். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த தேலஸிடமிருந்துதான் அரிஸ்டாட்டில் கதையைத் தொடங்குகிறார். தேலஸ் முன்னறிந்து சொன்னதாக ஹெரோடோட்டஸ் குறிப்பிடும் சூரிய கிரகணம் கி.மு. 585இல் நிகழ்ந்தது என்பது பிற்கால வானியலாளர்களின் கணக்கு.

எல்லாவற்றுக்கும் மூலம் நீர் என்றார் தேலஸ். அந்த விடை இன்று யாருக்கும் வேண்டாம். அதற்கு அடுத்து நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. அதே ஊரில் அடுத்துவந்த அனாக்சிமாண்டர் நீரை ஏற்கவில்லை. வெப்பமும் குளிர்ச்சியும், ஈரமும் வறட்சியும் ஒன்றையொன்று எதிர்ப்பவை; அவற்றுள் ஒன்றே எல்லையற்ற மூலமாக இருந்தால் மற்றவை எப்போதோ அழிந்திருக்கும். ஆகவே இன்னதென்று வரையறுக்க முடியாத, எல்லையற்ற ஒன்றே மூலம் என்றார். பூமி நீரின் மேல் மிதக்கிறது என்ற தேலஸின் கருத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. பூமி எதன் மேலும் நிற்கவில்லை. எல்லாப் பக்கங்களிலிருந்தும் சம தொலைவில் இருப்பதால் ஒரு திசையில் விழ அதற்குக் காரணமே இல்லை என்றார். தொலைநோக்கி இல்லாத காலத்தில், தருக்கத்தை மட்டும் துணையாகக் கொண்டு பூமியை அந்தரத்தில் நிறுத்திய மனிதர் அவர். கிரேக்கச் சிந்தனையின் துணிச்சலுக்கு ஓர் எடுத்துக்காட்டு கேட்டால் இதையே காட்டுவேன்.

மூன்றாமவர் அனாக்சிமினிஸ் அவரையும் மறுத்தார். மூலம் காற்று, அது செறிந்தால் குளிர்ந்து நீராகவும் கல்லாகவும் ஆகிறது, நெகிழ்ந்தால் சூடேறி நெருப்பாகிறது. சான்றாக அவர் காட்டியது மூச்சை. உதட்டைக் குவித்து ஊதினால் குளிர்கிறது, வாயைத் திறந்து ஊதினால் சூடாக இருக்கிறது. அவர் சொன்ன காரணம் தவறுதான். ஆனாலும் அந்தச் சான்றைக் கேட்டவர் எவரும் அங்கேயே சோதித்துப் பார்க்கலாம்.

ஓர் ஊர், மூன்று விடைகள். முன்னவரை மறுத்தவரைப் பிற்காலத்தார் அவருடைய மாணவர் என்றே எழுதி வைத்தார்கள். கிரேக்க மரபின் அளவுகோல் இதுதான் என்பது என் கருத்து: ஆசான் சொன்னதைக் காரணம் காட்டி மறுக்கலாம், மறுத்த பிறகும் அவருடைய வழியில் நிற்கலாம்.

கி.மு. 494இல் பாரசீகப் படை மிலேட்டஸை அழித்தது. அதற்கு முன்பே சிந்தனை மேற்கே கப்பலேறிவிட்டது. கோலோஃபோனைச் சேர்ந்த செனோஃபனிஸ், மாட்டுக்கும் குதிரைக்கும் கையிருந்தால் தெய்வங்களைத் தம் உருவிலேயே வரைந்திருக்கும் என்று பாடித் திரிந்தார். சாமோஸ் தீவின் பித்தாகரஸ் தென் இத்தாலியின் க்ரோட்டன் நகரில் தம் குழுவை அமைத்தார். இசையின் இனிமைக்குள் எண் விகிதங்களைக் கண்ட பெருமை அந்த மரபுக்கு உண்டு. ஆனால் அங்கே வாதத்துக்கு முற்றுப்புள்ளி வைக்க, 'அவரே சொன்னார்' என்ற ஒரு சொல் போதுமாக இருந்ததாம். நான் சொன்ன அளவுகோலுக்கு அந்தப் பள்ளி பொருந்தவில்லை. இதை மறைப்பானேன்?

அதே தென் இத்தாலியில் எலேயா நகரத்துப் பார்மெனிடிஸ் எழுதிய செய்யுள்தான் பெரிய திருப்பம். இருப்பது இருக்கிறது, இல்லாததை நினைக்கவும் முடியாது. இல்லாததிலிருந்து எதுவும் தோன்ற முடியாது. எனவே தோற்றம், அழிவு, மாற்றம், அசைவு எல்லாம் மயக்கம் என்றார் அவர். கண்ணெதிரே ஆறு ஓடுகிறதே என்றால் கண்ணை நம்பாதே என்பது பதில். அவருடைய மாணவர் ஜீனோ, வேகமாக ஓடும் வீரன் அக்கிலிஸ் முன்னே செல்லும் ஆமையைப் பிடிக்கவே முடியாது என்று வாதாடி ஆசானைக் காத்தார்.

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். யாரும் போகவில்லை. பின்வந்தவர் ஒவ்வொருவரும் பார்மெனிடிஸின் வாதத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவராகவே தம்மைக் கருதினார்கள். எம்பிடாக்ளிஸ் நிலம், நீர், காற்று, நெருப்பு என நான்கு வேர்களைச் சொல்லி, அவை தோன்றுவதும் இல்லை அழிவதும் இல்லை, கலக்கின்றன, பிரிகின்றன என்றார். லூசிப்பஸும் அப்தேராவின் டெமாக்ரிட்டஸும் இன்னும் ஓர் அடி வைத்தார்கள். பார்மெனிடிஸின் மாறாத, பிளவுபடாத ஒன்றை எண்ணற்ற துகள்களாக்கினார்கள். அவை அசைய வெற்றிடம் வேண்டுமே, அந்த 'இல்லாதது'ம் இருக்கிறது என்று அடித்துச் சொன்னார்கள். அசைவே இல்லை என்ற கவிதைக்கு எழுதிய மறுப்பிலிருந்து அணுக் கொள்கை பிறந்தது.

ஏதென்ஸ் இந்தக் கதைக்குள் தாமதமாகத்தான் வருகிறது. மெய்யியல் அங்கே வந்தபோது வரவேற்பும் இனிமையாக இல்லை. சூரியன் பழுக்கக் காய்ந்த கல் என்ற அனாக்சகோரஸ் தெய்வ நிந்தனைக் குற்றச்சாட்டுக்கு ஆளாகி லாம்ப்சாகஸுக்குப் போனார். கி.மு. 399இல் சாக்ரடீஸுக்கு நஞ்சு. அந்தக் கதை எல்லோரும் அறிந்தது.

பிளேட்டோவிடம் நான் வியப்பது வேறொன்று. கி.மு. 387 அளவில் அகாடமியைத் தொடங்கிய அவர், காணும் பொருள்களுக்கு அப்பால் அவற்றின் மாறாத வடிவங்கள் உண்டு என்ற, தம் பெயருக்கே அடையாளமான வடிவக் கொள்கையை 'பார்மெனிடிஸ்' என்ற உரையாடலில் கூண்டிலேற்றினார். இளம் சாக்ரடீஸ் கொள்கையை எடுத்துரைக்க, முதிய பார்மெனிடிஸ் அதைத் துண்டு துண்டாக அவிழ்க்கிறார். பிளேட்டோ அங்கே விடை தரவில்லை. தம் கொள்கைக்குத் தாமே பரபக்கம், அதாவது எதிர்த்தரப்பு வாதம், எழுதியவர் அவர். அந்த அகாடமியில் 20 ஆண்டு இருந்த அரிஸ்டாட்டில் அதே கொள்கையை வெளிப்படையாகவே தள்ளினார். வேண்டியவர்களை விட உண்மைக்கு முதலிடம் தருவதே கடமை என்று அறவியல் நூலில் எழுதிவிட்டுத்தான் அதைச் செய்தார்.

பிற்காலப் பள்ளிகளில் எபிகூரஸின் தோட்டம் பெண்களையும் அடிமைகளையும் சேர்த்துக்கொண்டது. அந்த வகையில் மற்றவர்களை விட உயர்ந்தது. ஆனால் ஆசானின் வாக்கியங்களை மனப்பாடம் செய்வதே அங்கே படிப்பாயிற்று. ஸ்டோயிக்குகள் தம்முள் ஓயாமல் வாதாடினார்கள். அகாடமியோ எதையும் உறுதியாகச் சொல்ல மறுக்கும் ஐயவாதிகளின் கூடமாக மாறிப்போனது.

கி.மு. 155இல் ஏதென்ஸ் ஓர் அபராதத்தைக் குறைக்கச் சொல்லி ரோமுக்கு மூன்று மெய்யியலாளர்களைத் தூது அனுப்பியது. அவர்களில் அகாடமியின் கார்னியாடிஸ் ஒருநாள் நீதிக்கு ஆதரவாகவும் மறுநாள் எதிராகவும் பேசினாராம். இளைஞர்கள் சொக்கிப்போனார்கள். ரோமின் முதிய அரசியல்வாதி கேட்டோ, இவர்கள் வேலையை முடித்துச் சீக்கிரம் ஊருக்கு அனுப்புங்கள் என்று செனட்டை அவசரப்படுத்தினார். கேட்டோவின் அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. மறுப்பு வெறும் வித்தையாகிவிடுவதும் உண்டு. ஆனால் கார்னியாடிஸ் அங்கேயே நின்றுவிடவில்லை. உறுதியான அறிவு கிட்டாவிட்டாலும் எது எவ்வளவு நம்பத்தக்கது என்று அளந்து வாழலாம் என்று படிநிலைகளும் வகுத்தார்.

இந்த மரபுக்குள் நுழைய விரும்புகிறவர்கள் வரலாற்றுச் சுருக்கங்களோடு நின்றுவிட வேண்டாம். ஒரே மாலையில் படித்துவிடக்கூடிய பிளேட்டோவின் 'யூதிஃப்ரோ'வை முதலில் எடுங்கள். அடுத்து 'பார்மெனிடிஸ்' உரையாடலின் முற்பகுதி. அதன் பிறகு அரிஸ்டாட்டிலின் 'மெட்டாஃபிசிக்ஸ்' முதல் புத்தகம். தேலஸ் முதல் பிளேட்டோ வரை எல்லோரையும் அங்கே அவர் விசாரிக்கிறார். முன்னோரைத் தம் கொள்கைக்குப் படிக்கட்டாக அடுக்கும் பழக்கம் அவருக்கு உண்டு. அதனால் அவர் தரும் தீர்ப்புகளை அப்படியே ஏற்காமல் படியுங்கள்.