பழி எவர்மீது?

ஆள்வினையுடைமை அதிகாரத்தின் எட்டாம் குறளை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் நம் நெஞ்சில் ஒரு முள் தைக்கிறது. பொறியில்லாமை எவர்க்கும் பழியாகாது, அறியவேண்டியதை அறிந்து முயலாமையே பழி என்கிறார் வள்ளுவர். அக்குறளில் வரும் 'பொறி' யாது?

விதி என்றார் பரிமேலழகர். கடவுள் வாழ்த்தின் ஆறாம் குறளில் பொறி என்பதற்கு மெய், வாய், கண், மூக்கு, செவி என உரை கண்ட அதே பரிமேலழகர், இங்கே விதியைக் கொணர்ந்தார். அடுத்து வரும் இரு குறள்களும் தெய்வத்தையும் ஊழையும் தொடுவதால் அவ்வாறு கொண்டார் என அவர்பால் நின்று வாதிடலாம். வலுவற்ற வாதம் என்று அதனைத் தள்ளிவிடவும் இயலாது. எனினும் விளைவு என்ன? கண்ணிழந்தார்க்கும் செவிப்புலன் இழந்தார்க்கும் கேடயமாக வேண்டிய குறள், விதியைப் பற்றிய விளக்கமாகத் தேர்வுத்தாளில் சுருங்கிவிட்டது!

உரையாசிரியரைக் குறை கூறிவிட்டு, சங்கப்பாட்டை மட்டும் தலைமேல் வைத்துக் கூத்தாடுவது நேர்மையாகுமா? புறநானூற்றின் 28-ஆம் பாட்டைப் பாருங்கள். சோழன் நலங்கிள்ளிக்கு அறம் உரைக்க வந்த உறையூர் முதுகண்ணன் சாத்தனார், பார்வையற்றோர், கூனர், குறளர், ஊமையர், செவிடர் என எண்வகைப் பிறப்புகளை அடுக்கி, அவற்றால் பயனில்லை என்று முன்னோர் மொழிந்ததாகக் கூறுகிறார். அறம் சொல்லும் பாட்டிலேயே அறம் பிறழ்ந்த அடிகள்! நம் முன்னோர் பாடினர் என்பதற்காகப் பிழை பெருமையாகிவிடாது.

"முற்பிறவிப் பயன்" என்பாரை ஒன்று கேட்கிறோம். இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய குழந்தைகளைக் காட்டி எத்தனை தலைமுறை அவ்வாறு சொன்னீர்கள்! இயற்கையான போலியோ நச்சுயிரி தாக்கிய கடைசிக் குழந்தை, 2011 சனவரியில் மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்டது. 2014 மார்ச்சில் இந்தியா போலியோ ஒழிந்த நாடெனச் சான்று பெற்றது. முற்பிறவியில் பாவம் செய்தோர் பிறப்பது திடீரென நின்றுவிட்டதா? அன்றி, இரண்டு சொட்டு மருந்துக்கு விதி அஞ்சி ஓடிற்றா?

விதி பேசாதாரும் வேறொரு வழியில் பழி சுமத்துகின்றனர். குறளின் பிற்பாதியைப் பிடித்துக்கொண்டு, "முயன்றால் முடியும்" என்று மாற்றுத்திறனாளிகளுக்கே அறிவுரை வழங்குகின்றனர். மலையேறியவருக்கு மாலை, ஏற இயலாதவருக்குச் சோம்பேறிப் பட்டம்!

நாம் பணியாற்றும் பள்ளிக்கு ஊன்றுகோலுடன் ஒரு மாணவன் வருகிறான். அவன் வகுப்பு மாடியில். ஏறவேண்டிய படிகள் இருபத்திரண்டு. காலைதோறும் தோழர் இருவர் தோள்கொடுக்க, வியர்வை வழிய அவன் மேலே வந்து சேர்கிறான். அவனா முயலாதவன்? வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்ற ஓர் ஆணை போதும். அதைப் பிறப்பிக்காத நிருவாகம் முயலவில்லை. ஓராண்டு அதைக் கண்டும் வாய் திறவாதிருந்த நாமும் முயலவில்லை. குறளைக் கரும்பலகையில் எழுதிய கையே வெட்கிற்று.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அரசுப் பணியில் குறைந்தது 4 விழுக்காட்டு இடத்தை ஒதுக்குகிறது. கல்விக்கூடங்களில் தடையற்ற வழியை வேண்டுகிறது. உரிமை என்று சட்டம் எழுதியதை, இரக்கம் என்றே நாம் இன்னமும் படித்துக்கொண்டிருக்கிறோம்.

அறிந்தும் முயலாமை பழி என்றால், அப்பழி படியேற இயலாதவனைச் சாராது. படியை மட்டும் கட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்போரையே சாரும். இளந்தோழர்களே, பகுத்தறிவு பேச மாலையில் நாம் கூடும் படிப்பகத்தின் வாயிலில் எத்தனை படிகள் உள்ளன? இன்று போகும்போது எண்ணிப் பாருங்கள்.