அத்திரிபாச்சாவும் கொப்பியும்

மாமியார் வீட்டில் கொழுக்கட்டை தின்ற மருமகன், பெயர் மறந்துபோகாமல் இருக்க "கொழுக்கட்டை, கொழுக்கட்டை" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்கு நடக்கிறான். வழியில் வாய்க்கால். "அத்திரிபாச்சா" என்று தாவியதும் வாயில் அதுவே ஒட்டிக்கொள்கிறது. வன்னியின் புதுக்குடியிருப்பில் ஒரு அம்மம்மா இந்தப் பகிடியைச் சொன்னபோது, இந்த இடத்தில் முழங்காலில் கையூன்றி எழும்பியே விட்டார். பேத்தி கொப்பியில் எழுதியது: "அவன் வாய்க்காலைத் தாண்டினான்."

பிள்ளைகளைக் கொண்டு ஊர்ப் பகிடிகளைத் தொகுப்பதன் பலமும் பலவீனமும் அந்த ஒரு வரியில் இருக்கின்றன. அயர்லாந்தில் 1937 முதல் 1939 வரை சுமார் 5,000 பள்ளிகளின் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதினார்கள். பகிடிகளும் அதில் சேர்ந்தன. பேராசிரியர் கேட்டால் வாய் திறக்காத கிழவியும் பேரப்பிள்ளைக்குச் சொல்வார். ஆனால் பிள்ளைக்குச் சொல்லத் தகாததை அவர் விழுங்கிவிடுவார். மிச்சத்தை ஆசிரியரின் சிவப்பு மை திருத்திவிடும். எழுத்தாளர் கி. ராஜநாராயணன் பாலியல் நாட்டார் கதைகளையும் கூச்சமின்றித் தொகுத்தார் என்றால், அவர் பெரியவராகப் பெரியவர்களிடம் கேட்டதும் ஒரு காரணம்.

நம்மிடம் நாட்டார் பாடலுக்குத் தொகுப்புகள் உண்டு, மு. இராமலிங்கம் வட இலங்கைப் பாடல்களைத் திரட்டினார். பகிடி அந்த மரியாதையைப் பெறவில்லை. வன்னிக்கு இது பெரிய இழப்பு. 2009இல் போரில் ஊரே எழும்பி ஓடியபோது கொப்பிகள் மண்ணில் கிடந்தன. வாயில் இருந்தது மட்டும்தான் மனிதரோடு முகாமுக்குப் போய்த் திரும்பி வந்தது. ஆகவே பிழையோடாவது பிள்ளைகள் எழுதட்டும் என்பதே என் கட்சி. அயர்லாந்தில் பிள்ளைகளின் மூலக் கொப்பிகள் பலவற்றையும் பத்திரப்படுத்தினார்கள். அதையாவது நாம் பின்பற்ற வேண்டும். கைப்பேசியில் குரலையும் பிடித்து வைக்கலாம்.

குரல் ஏன் முக்கியம் என்பதை அதே பகிடி காட்டுகிறது. வீட்டுக்கு வந்த மருமகன் அத்திரிபாச்சா செய்துதரக் கேட்கிறான். மனைவிக்கு அது என்னவென்று தெரியவில்லை; அடிக்கிறான். பார்க்க வந்தவள், "ஐயோ, முகம் கொழுக்கட்டை மாதிரி வீங்கிப்போச்சே" என்கிறாள். "அதைத்தான் கேட்டனான்!" என்று துள்ளுகிறான். எழுத்தில் இது பெண்ணை அடித்துச் சிரிக்கும் கதை, வெட்டிவிடத் தோன்றும். வெட்டக்கூடாது. அம்மம்மா அடி விழும் இடத்தில் குரலைத் தாழ்த்தினார், கூட இருந்த பெண்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. அவன் துள்ளியபோதுதான் சிரித்தார்கள், அவனைப் பார்த்து. பேத்தியின் கொப்பியில் அந்தச் சிரிப்புக்கு இடமே இல்லை.